எந்த இருக்கையில் கேட்கவில்லை? அரங்க அகச்சிவப்பு எமிட்டர்களைச் சரிபார்க்கும் வழி

செவித்திறன் குறைந்தவர்களுக்காகப் பல அரங்குகளில் அகச்சிவப்பு ஒலி வசதி வைத்திருக்கிறார்கள். மிக்ஸரிலிருந்து ஒலி ஒரு டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. அது மேடையருகே சுவரில் மாட்டிய எமிட்டரில் இருக்கும் எல்இடிகளை நொடிக்கு 23 லட்சம் அல்லது 28 லட்சம் தடவை மினுக்க வைக்கிறது. பெட்டியின் பின்னால் 2.3, 2.8 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்; ஒவ்வொன்றும் ஒரு சேனல். பார்வையாளர் கழுத்தில் தொங்கும் ரிசீவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்து மறுபடி ஒலியாக்குகிறது.

புகார் வந்தவுடன் பெரும்பாலோர் ரிசீவரில் வால்யூமைக் கூட்டிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் இன்னொரு எமிட்டர் வாங்கச் சொல்வார்கள். முதலாவதால் பயனே இல்லை. ஒலி இங்கே எஃப்எம் முறையில் ஏறி வருவதால், வெளிச்சம் குறைந்தாலும் பேச்சின் சத்தம் குறையாது. 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் பேச்சுக்கு அடியிலிருந்து மேலே ஏறி வரும். இன்னும் குறைந்தால் ரிசீவர் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். வால்யூமைத் திருகினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். இரண்டாவது யோசனை சில நேரம் உதவும். சில நேரம் இருந்ததையும் கெடுக்கும். எப்படி என்று நடுவில் ஒரு பகுதியில் சொல்கிறேன்.

ஏணியை எடுப்பதற்கு முன்

முதலில் டிரான்ஸ்மிட்டரில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரு துளை இருக்கும். அங்கேயே கொர்ரென்ற ஹம்மோ, அடைத்த குரலோ, உடைந்த சத்தமோ இருந்தால் எமிட்டர்மேல் பழி போடாதீர்கள். கோளாறு மிக்ஸர் பக்கம். அங்கே தெளிவாகக் கேட்டு, இருக்கையில் மட்டும் கெட்டால்தான் ஏணிக்கு வேலை.

கையில் வேண்டியவை: புது பேட்டரி போட்ட ரிசீவர் ஒன்று, ஓர் அட்டைத்துண்டு, அளவு நாடா, ஒரு கைபேசி, மைக்கில் விடாமல் பேச ஒரு ஆள். எண்களை எண்ணச் சொல்லாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரிந்திருப்பதால் மூளை இட்டு நிரப்பிவிடும். சுமாராகக் கேட்டாலும் நன்றாகக் கேட்பதுபோல் இருக்கும். ஏதாவது ஒரு செய்தித்தாளை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இருக்கை வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் உட்கார்ந்து கேட்டுக் குறியுங்கள். உட்கார்ந்து என்பது முக்கியம். நிற்கும் உங்கள் நெஞ்சு உயரத்தில் வருகிற வெளிச்சம், முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கு வந்தே தீர வேண்டும் என்று இல்லை. நிகழ்ச்சிக்கு எரியும் விளக்குகள் எல்லாம் எரியட்டும்.

எந்த இருக்கையிலும் எதுவுமே இல்லை

கைபேசி கேமராவை எமிட்டர் பக்கம் திருப்புங்கள். எல்இடிகள் வெளிர் ஊதாவாக ஒளிரும். பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பல மாடல்களில் வலுவாக இருக்கும். ஆகவே செல்ஃபி கேமராவில் பாருங்கள். உங்கள் கைபேசிக்கு இது தெரியுமா என்ற சந்தேகம் வந்தால் டிவி ரிமோட்டை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிரவே இல்லையென்றால் மின்சாரம், அடுத்து டிரான்ஸ்மிட்டரிலிருந்து எமிட்டருக்கு வரும் கோஆக்ஸியல் கேபிள், அடுத்து டிரான்ஸ்மிட்டர் என்று பின்னோக்கிப் போங்கள். பல எமிட்டர்கள் சைகை (சிக்னல்) வராவிட்டால் தாமாகவே அணைந்து காத்திருக்கும். மின்சார விளக்கு மட்டும் எரிவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பாதி வரிசை மட்டும் ஒளிர்கிறதா? அந்த எமிட்டரின் வயதைச் சொல்கிறது அது. எமிட்டர் நன்றாக ஒளிர்ந்தும் ரிசீவர் பேசாவிட்டால், ரிசீவர் வேறு சேனலில் இருக்கிறது, அல்லது பழைய 95 கிலோஹெர்ட்ஸ் வகை ரிசீவரை யாரோ புதியதோடு கலந்து வைத்திருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஏணியில் நின்று எமிட்டருக்கு முகத்தைக் கொடுத்து வேலை செய்யாதீர்கள், அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குக் கண் கூசாது, இமையும் தானாக மூடாது.

முன்னால் நன்றாக இருக்கிறது, பின்னால் போகப் போக இரைகிறது

தூரம்தான் காரணம். தூரம் இருமடங்கானால் வந்து சேரும் வெளிச்சம் கால்பங்காகிவிடும். 20 மீட்டர் வரை போகும் எமிட்டருக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்றை மாட்டினால் 40 மீட்டர் போகாது; 28 மீட்டர்தான் போகும். காசை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது எட்டு மீட்டர்.

எனவே வாங்கும் முன் சாய்வைப் பாருங்கள். நான் பார்த்த அரங்குகளில் பாதிக்கு மேல் எமிட்டர் மூன்றாவது வரிசையின் மடியில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது, அல்லது சுவரோடு ஒட்டி நேராக நின்று பின் சுவரின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கற்றையின் நடுவில்தான் வலு அதிகம். அது கடைசி வரிசைக்குச் சற்று முன்னால் விழட்டும். முன்வரிசைக்காரர்கள் கற்றையின் ஓரத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பதால் அவர்களுக்குத் தாராளமாகவே கிடைக்கும். இடது எமிட்டரை வலப் பகுதியின் பின்புறத்தையும், வலது எமிட்டரை இடப் பகுதியின் பின்புறத்தையும் பார்க்கும்படி கொஞ்சம் குறுக்காகத் திருப்பினால் இன்னும் நல்லது. ஒருவரின் தோள் மறைத்தாலும் மற்ற பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்.

இரண்டாவதாக, எத்தனை சேனல் ஓடுகிறது? எமிட்டரின் வலுவைச் சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு சேனல் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் பாதி. 20 மீட்டர் என்பது 14 ஆகச் சுருங்கும். மொழிபெயர்ப்புக்காக என்றோ ஒருநாள் திறந்துவிட்ட இரண்டாவது சேனல், யாரும் கேட்காமலேயே ஆண்டுக்கணக்கில் பாதி வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருப்பது சாதாரணம். டிரான்ஸ்மிட்டரில் அதை அணையுங்கள். செலவே இல்லாமல் கடைசி வரிசை திரும்பி வந்துவிடும். ஸ்டீரியோவும் இரண்டு சேனல்தான். பேச்சு மட்டும் நடக்கும் அரங்குக்கு அது எதற்கு?

மூன்றாவது, சுவர். வெளிர் நிறச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, நேரடியாக வராத இடங்களையும் நிரப்பும். கறுப்பு வண்ணம் பூசிய நாடக அரங்கில் அந்த உதவி கிடைக்காது. அங்கே எமிட்டர் நேரே பார்க்காத இருக்கைக்கு எதுவும் போகாது. ஆனால் துணி விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். சில கறுப்புத் துணிகள் அகச்சிவப்பைப் பாதிக்கு மேல் விட்டுவிடும், சில வெள்ளைத் துணிகள் நன்றாகவே தடுக்கும். டிவி ரிமோட்டின் முன்னால் துணியைப் பிடித்து, கைபேசியில் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பின்வரிசை இரைந்தால் இன்னொரு எமிட்டர் வாங்கலாம். அதை முன்னால் ஏற்கெனவே இருப்பதன் தோளில் உட்கார வைக்காமல், அரங்கின் நடுவாக்கில் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

பால்கனிக்கு அடியில் கேட்கவில்லை

மேடையோர எமிட்டர் இருக்கும் உயரத்தில் ஏறி நின்று, அங்கிருந்து பால்கனிக்கு அடியில் கடைசி வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இருக்கை எமிட்டருக்கும் தெரியாது. எமிட்டரைக் கீழே இறக்கினால் தெரியும், ஆனால் அப்போது தலைகள் மறைக்கும். பால்கனியின் அடிக்கூரையில் சிறிய எமிட்டர் ஒன்று மாட்டுவதுதான் வழி. கேபிள் நீளத்தால் வரும் வம்பு அடுத்து வருகிறது. அதைப் படிக்காமல் மாட்டிவிடாதீர்கள்.

இரண்டு எமிட்டரும் நன்றாகத் தெரியும் நடு இருக்கையில்தான் கேட்கவில்லை

பலரையும் குழப்புவது இதுதான். என்னையும் ஓர் அரங்கில் இரண்டு நாள் படுத்தியது. எட்டாவது வரிசையிலிருந்து பின்னால், நடுப்பாதையின் இரு பக்கமும் நான்கைந்து இருக்கைகளில் இரைச்சல், சில இடத்தில் சுத்த மௌனம். சுவரோரம் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது. சாய்வை மாற்றினேன், ரிசீவரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை உதவியாளர் வலது எமிட்டரின் திருகை இறுக்க ஏறியபோது அவர் முதுகு அதை மறைத்தது. நடு இருக்கையில் என் காதில் பேச்சு தெளிவாக வந்தது. அவர் இறங்கினார், பேச்சு போய்விட்டது.

வெளிச்சம் கூடக் கூடக் கேட்காமல் போனது! இரண்டு எமிட்டரும் ஒரே நேரத்தில் மினுக்கவில்லை. ஒன்று எரியும்போது மற்றது அணைகிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவரின் ரிசீவருக்கு இரண்டும் சேர்ந்து மாறாத வெளிச்சமாகத் தெரிகிறது. மினுக்கல் இல்லாத வெளிச்சத்தில் ஒலியும் இல்லை.

கணக்கு இதுதான். 2.3 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கு 435 நானோ நொடி. பாதி அலைக்குச் சுமார் 217. கோஆக்ஸியல் கேபிளில் சைகை ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோ நொடி ஆகும். 217-ஐ 5-ஆல் வகுத்தால் 43 மீட்டர். ஓர் எமிட்டருக்கு மற்றதைவிட அவ்வளவு கேபிள் கூடினால் மினுக்கல் நேரெதிராகிவிடும். அந்த அரங்கில் டிரான்ஸ்மிட்டரிலிருந்து இடது எமிட்டருக்குக் கேபிள் வந்து, அங்கிருந்து மேடைக்கு மேலே ஏறி, குறுக்கே போய், வலது எமிட்டருக்கு இறங்கியிருந்தது. இரண்டு எமிட்டருக்கும் நடுவே அளந்தால் 41 மீட்டர். இதைவிடத் துல்லியமாகத் திட்டம் போட்டுக்கூட கெடுத்திருக்க முடியாது.

முன்வரிசை நடுவில் ஏன் கேட்டது? முழுதாக அடித்துக்கொள்ளாமல் மிஞ்சியிருந்த கொஞ்சமே பக்கத்து இருக்கைகளுக்குப் போதுமானதாக இருந்தது. ஓரத்து இருக்கைகளில் ஓர் எமிட்டர் மற்றதைவிடப் பலமாக இருந்ததால் அது ஜெயித்தது.

உங்கள் அரங்கில் இதுதானா என்று பார்க்க அட்டைத்துண்டு போதும். கேட்காத இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் ஓர் எமிட்டரை அட்டையால் மூடட்டும். மூடினால் கேட்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். அட்டைக்கு வழியில்லாவிட்டால் சேனலை மாற்றிப் பாருங்கள். 2.8 மெகாஹெர்ட்ஸுக்குப் பாதி அலை 36 மீட்டர் கேபிள்; ஆகவே கேட்காத இடம் நகரும், அல்லது மட்டுப்படும். வெறும் நிழலாக இருந்தால் சேனலை மாற்றினாலும் நகராது.

தீர்வு: டிரான்ஸ்மிட்டரிலிருந்து இரண்டு எமிட்டருக்கும் தனித்தனியாக, ஒரே நீளக் கேபிள் இழுங்கள். பக்கத்தில் இருக்கும் எமிட்டருக்கு மிஞ்சும் கேபிளைச் சுருட்டி வைத்துக் கட்டிவிடலாம். அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்யும். அதற்கு வழியில்லையென்றால், சில எமிட்டர்களில் தாமதத்தைக் கூட்டும் சுவிட்ச் இருக்கும். அதிகக் கேபிள் தாண்டி வரும் எமிட்டரில் பூஜ்யம் வைத்து, மற்றவற்றில் கேபிள் குறைந்த அளவுக்கு மீட்டருக்கு 5 நானோ நொடி வீதம் தாமதம் சேருங்கள். காற்றில் வெளிச்சத்துக்கு மீட்டருக்கு 3.3 நானோ நொடிதான் என்பதால், 25 மீட்டர் அகல அரங்கில் இருக்கைக்கு இருக்கை வரும் வித்தியாசம் அதிகபட்சம் 83 நானோ நொடி; அது தொல்லை தராது. பால்கனி அடி எமிட்டர்தான் நீளக் கேபிளால் வம்பு செய்யும். அதன் வெளிச்சமும் மேடை எமிட்டரின் வெளிச்சமும் சந்திக்கும் பால்கனி விளிம்பில் தவறாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

பழைய 95 கிலோஹெர்ட்ஸ் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. அதில் பாதி அலைக்கு ஒரு கிலோமீட்டர் கேபிள் வேண்டும். குழல் விளக்கின் எலக்ட்ரானிக் சோக் போட்ட இரைச்சலுக்குப் பயந்து மெகாஹெர்ட்ஸுக்கு வந்தோம், கேபிள் நீளத்தில் மாட்டிக்கொண்டோம்.

அப்படியே, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கேபிள் போகும் சங்கிலியாக இருந்தால், கடைசி எமிட்டரில் முடிவுத் தடை (ரெசிஸ்டர்) போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; 50 ஓமா 75 ஓமா என்பது தயாரிப்பாளர் சொல்லும் கேபிளைப் பொறுத்தது. அது இல்லாவிட்டால் சைகை கேபிளிலேயே திரும்பி ஓடி, ஒவ்வோர் எமிட்டருக்கும் ஒவ்வொரு அளவில் சைகை போய்ச் சேரும்.

ஒருவருக்கு மட்டும் விட்டு விட்டு வருகிறது

ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சட்டைப் பைக்குள், சால்வைக்கு அடியில், கைப்பைக்குப் பின்னால், அல்லது அவர் கையே அதன் கண்ணை மூடிக்கொண்டு. ஒரு பாட்டி ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் சத்தம் நின்றுபோகிறது என்றார். சிரித்தால் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ரிசீவர் அங்கேதான் தொங்கியது. கொடுக்கும்போதே "இந்தச் சின்னக் கண்ணாடி மேடையைப் பார்க்கட்டும், மூடிவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் புகார்கள் வராது.

தாடைக்கு அடியில் தொங்கும் வகை ரிசீவரில், தலை திரும்பினால் கண்ணும் திரும்பும். பக்கத்திலிருப்பவரிடம் பேசத் திரும்பியதும் போகிறது என்றால் அது கோளாறு இல்லை; சுவர் வெளிராக இருந்தால் அதுவும் போகாது.

காது கேட்கும் மெஷின் போட்டவருக்கு மட்டும் கேட்கவில்லை

இதற்கும் எமிட்டருக்கும் தொடர்பில்லை. கழுத்து லூப் (ஒலியைக் காந்தப்புலமாக மெஷினுக்கு அனுப்பும் கம்பி வளையம்) மாட்டியிருந்தால், மெஷினில் 'டி' நிலைக்கு மாற்ற வேண்டும். சில சிறிய மெஷின்களில் அதைப் பிடிக்கும் டி-காயிலே இருக்காது. அவர்களுக்குக் காதை முழுதாக மூடும் ஹெட்போனைக் கொடுங்கள். லூப்பில் கொர்ரென்று வந்து, தலையைச் சாய்த்தால் குறைகிறதென்றால், பக்கத்தில் டிம்மர் கம்பியோ டிரான்ஸ்பார்மரோ ஓடுகிறது. இருக்கையை மாற்றிக் கொடுப்பதுதான் அன்றைக்கு முடிந்த வைத்தியம்.

பகலில் அல்லது விளக்கு போட்டதும் இரைகிறது

வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. ஹாலஜன் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. ரிசீவரின் கண் அதில் மூழ்கினால் எமிட்டரின் மினுக்கலை எடுக்க முடியாது. இருக்கையில் உட்கார்ந்து, ரிசீவரின் கண்ணுக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று கையே காட்டிக் கொடுக்கும். ஜன்னல் என்றால் நல்ல தடித்த திரை. பார்வையாளர்மேல் விழும் மேடை விளக்கு என்றால் விளக்குக்காரரிடம் பேசி ஓரிரு டிகிரி தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். எல்இடி விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு. பார்வையாளர் பக்க ஹாலஜன்களை எல்இடிக்கு மாற்றியதும் எமிட்டரைத் தொடாமலே அரங்கு சரியானதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அரங்கின் பேச்சு கேட்கிறது

சுவரைத் தாண்டாது, கதவையும் கண்ணாடியையும் தாண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அகச்சிவப்பை நன்றாகவே விடும். கதவைச் சாத்துங்கள், கண்ணாடிக்குத் திரை போடுங்கள், அல்லது அடுத்தடுத்த அரங்குகளை வேறு வேறு சேனலில் வையுங்கள்.

சோதனையில் சரி, நிகழ்ச்சியன்று போய்விட்டது

நிரம்பிய அரங்கு வேறு அரங்கு. காலி நாற்காலியும் தரையும் திருப்பி அனுப்பிய வெளிச்சத்தைத் தலைகளும் உடைகளும் குடித்துவிடும். ஆகவே காலி அரங்கில் 'பரவாயில்லை, லேசாக இரைகிறது' என்று குறித்த இருக்கையை, 'கேட்காது' என்றே கணக்கில் வையுங்கள். மேடைப் புகை அடர்த்தியாக இறங்கினால் அது போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். முன்னால் ஒருவர் எழுந்து நின்று படமெடுத்தால் பின்னாலிருப்பவருக்கு நிழல். எமிட்டர் உயரம் போதவில்லை என்று அதற்குப் பொருள்.

எமிட்டரின் முன்னால் என்ன புதிதாக வந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு விழாவில் இடது பக்கம் முழுக்கப் புகார். கேபிள், டிரான்ஸ்மிட்டர், பேட்டரி எல்லாம் பார்த்து முடித்தபின் தலையைத் தூக்கினால், எமிட்டர் இருந்த இடத்தில் விழா நாயகரின் முகம் எட்டடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் யாரோ வசதியாக ஆணி இருக்கிறதே என்று எமிட்டரின் தாங்கியிலேயே பேனரைக் கட்டியிருந்தார்கள். ஒரு மூலையின் கயிற்றை அவிழ்த்து அரை அடி இறக்கிக் கட்டியதும் சத்தம் வந்தது.